வில்லில் கீல் விழுந்தால்: சுரண்டுவதா, வெட்டுவதா, ஒட்டுவதா?

முதன்முதலாக மரவில் செதுக்குகிறவர்களுக்கு அடிக்கடி நேர்வது இது: நாணை இழுத்தால் வில் சீராக வளையாமல் ஒரே இடத்தில் மட்டும் கீல் மாதிரி மடங்கும். அங்கே மரம் கொஞ்சம் கூடுதலாகச் சுரண்டப்பட்டிருக்கும். அந்தக் ‘கொஞ்சம்’ சாமானியமல்ல. மரத்தின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 10 மி.மீ. தடிமனில் 1 மி.மீ. போனால் விறைப்பில் 27 சதவீதம் போச்சு. அகலத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் நஷ்டம் 10 சதவீதம்தான்.

இதற்கு மூன்று வைத்தியம் உண்டு. என் ஓட்டு முதலாவதற்கு: கீலைத் தொடாமல், மற்ற இடங்களை அதன் அளவுக்கு இறக்குவது. 45 பவுண்டு இழுவிசைக்கு ஆரம்பித்த வில் 35-இல் வந்து நிற்கலாம். நின்றால் என்ன? 35 பவுண்டு வில் பழகுவதற்குத் தாராளம். உடைந்த 45 பவுண்டு வில் அடுப்புக்குத்தான்.

எங்கே சுரண்டுவது என்று கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஐந்தாறு அங்குல நீளமுள்ள நேரான மரத்துண்டின் நடுவில் ஓட்டை போட்டு பென்சிலைச் செருகுங்கள். நாணேற்றிய வில்லின் வயிற்றுப் பக்கத்தில், அதாவது எய்பவரைப் பார்த்த பக்கத்தில், துண்டை வையுங்கள். அதிகம் வளைந்த இடத்தில் இடைவெளி பெரிதாக இருக்கும். பென்சில் முனை அங்கே லேசாக உரசும்படி இறுக்கிவிட்டு, கைப்பிடியிலிருந்து நுனிவரை தள்ளிக்கொண்டே போங்கள். விறைப்பான இடங்களில் பென்சில் கோடு விழும். கோடு விழுந்த இடத்தை மட்டும் நாலைந்து இழுப்பு சுரண்டி, வில்லை இருபது முப்பது முறை பாதியளவுக்கு இழுத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். சுரண்டியதன் பலன் உடனே தெரியாது. பொறுமையில்லாமல் மேலும் சுரண்டினால் இரண்டாவது கீல் ரெடி.

இரண்டாவது வழி, இரு நுனியையும் வெட்டுவது. வில் குட்டையானால் இழுவிசை ஏறும். ஆனால் இது கீலுக்கு மருந்தல்ல. முதல் வழியில் வளைவைச் சீராக்கிய பிறகு, இழந்த பவுண்டில் கொஞ்சத்தை மீட்கத்தான் பயன்படும். 28 அங்குலம் இழுப்பவருக்கு 68 அங்குல வில் இருந்தால் நுனிக்கு ஒரு அங்குலம் வெட்டலாம். 62 அங்குல வில்லில் கை வைக்காதீர்கள். 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் உறைந்து கிடைத்த, ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய மனிதன் ஓட்ஸியின் யூ மரவில், வேலை முடியாமல் செதுக்கிய தடங்களோடு, சுமார் 1.8 மீட்டர் நீளம். ஆளோ 1.6 மீட்டர்தான்! நீளமாக ஆரம்பித்தால் பின்னால் வெட்டிக்கொள்ளலாம், ஒட்டி நீட்ட முடியாது.

மூன்றாவது, கீலின் மேல் மெல்லிய மரத்துண்டை ஒட்டிச் சீவுவது. பொருத்தம் மயிரிழை பிசகினாலும் ஓரம் பெயர்ந்துவிடும். அவ்வளவு துல்லியமாக ஒட்டத் தெரிந்தவர் கீல் விழவே விட்டிருக்க மாட்டார்.

வயிற்றில் குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகள் தெரிந்தால் விஷயம் வேறு. அமுக்கத்தில் மரநார் நசுங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது முதல் வழியைத் தவிர வேறு கிடையாது, அதுவும் நினைத்ததைவிட நிறையவே இறக்க வேண்டும்.

முதுகுப் பக்கத்தில், அதாவது இலக்கைப் பார்த்த பக்கத்தில், ஆண்டு வளையம் அறுபட்டுவிட்டாலும் இப்படி ஒரு போட்டிதான்: அடுத்த வளையம்வரை முழு முதுகையும் சீவி இறங்குவதா, பச்சைத்தோலோ லினன் துணியோ ஒட்டுவதா? மரம் இன்னும் முரட்டுத் தடிமனில் இருந்தால் சீவுங்கள். வளைவு பாதி முடிந்துவிட்டதென்றால் தோல்தான். தோல் முறிவைத் தடுத்துவிடும் என்று உத்தரவாதம் இல்லை, ஆனால் சிலாம்பு எழும்பாமல் அழுத்திப் பிடிக்கும். முறிந்தாலும் துண்டு முகத்துக்குப் பறக்காது.