லட்சம் கிலோமீட்டர் தாண்டிய சிட்டியா, டிசையர் டீசலா: நம்ம வடசென்னைக்கு எது சரி?

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் குடும்பத்துக்குப் பழைய செடான் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வந்து நிற்பார்கள். ஒன்று, 2008 கடைசியில் வந்து 2013 வரை ஓடிய ஹோண்டா சிட்டி ஐ-விடெக் பெட்ரோல். இன்னொன்று, அதே காலத்து ஸ்விஃப்ட் டிசையர் டீசல். மீட்டர் எண்பதாயிரம் காட்டினாலும் ஒன்றரை லட்சம் என்றே வைத்துக்கொண்டு பேசுவோம், மனசுக்கு நல்லது.

இன்ஜினில் இரண்டுமே கில்லாடிகள். இரண்டிலும் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், அதனால் பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. சிட்டியில் வால்வு கிளியரன்ஸை, அதாவது வால்வுக்கு விடும் சின்ன இடைவெளியை, மெக்கானிக் கையால் செட் பண்ண வேண்டும். நிறைய பேர் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை, அதனால் வண்டி பார்க்கப் போகும்போதே அதைக் கேட்டுவிடுங்கள். டிசையரில் இருப்பது ஃபியட்டின் 1.3 டீசல். புன்ட்டோ, இண்டிகா விஸ்டா என்று அந்த இன்ஜின் ஏறாத வண்டி குறைவு, அதனால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை, புதுப்பேட்டையில் பழையதும் கிடைக்கும். ஆனால் டர்போ, இன்ஜெக்டர் என்று ஒன்று படுத்துவிட்டால், டீசலில் பல மாதம் மிச்சம் பிடித்த காசு ஒரே பில்லில் போய்விடும்.

அந்த மிச்சமும் இப்போது பெரிதாக இல்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு பெட்ரோலுக்கும் அதற்கும் இருந்த பெரிய இடைவெளி போய்விட்டது. மிஞ்சியிருப்பது மைலேஜ்தான், அதுவும் நீளமாக ஓட்டினால்தான். துறைமுகத்து ஜீரோ கேட் பக்கம் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஊர்ந்துகொண்டிருந்தால் புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வில் கரி அடைக்கும், கிளட்ச்சும் சீக்கிரம் தேயும்.

ஆனால் நம்ம ஊரில் வண்டியைக் கொல்வது இன்ஜின் இல்லை, உப்புக் காற்று. எண்ணூர், காசிமேடு பக்கம் தெருவில் நின்ற வண்டி வெளியே பளபளவென்று இருக்கும். அதை லிஃப்டில் ஏற்றி, பிரேக் பைப், சைலன்சர், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, ஸ்பேர் டயர் கிடக்கும் குழி எல்லாவற்றையும் பாருங்கள். புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும், துருவை மறைக்கத்தான் பலர் அடிக்கிறார்கள். சிட்டிக்கு இங்கே ஒரு தொல்லை கூடுதல்: வண்டி தாழ்வு. ஐந்து பேர் ஏறினால் வேகத்தடையில் அடிவயிறு உரசும், உரசிய இடத்தில் பெயின்ட் போய் துரு பிடிக்கும். டிசையர் இதில் தேவலை.

சிட்டி வாங்குகிறவர்கள் விடவே கூடாத விஷயம் ஏர்பேக். அந்தக் காலத்து சிட்டிகள் பலவற்றில் ஜப்பானின் டகாட்டா கம்பெனி செய்த இன்ஃப்ளேட்டர் (ஏர்பேக்கை ஊதவைக்கும் பாகம்) இருந்தது, ஹோண்டா திரும்ப அழைத்து இலவசமாக மாற்றியது. உள்ளே இருக்கும் அமோனியம் நைட்ரேட் வெயிலிலும் ஈரப்பதத்திலும்தான் கெட்டுப்போகிறது, அது இரண்டுக்கும் சென்னையில் குறைவே இல்லை. சேசிஸ் நம்பரைக் கொடுத்து மாற்றியாகிவிட்டதா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

டிக்கி? சிட்டிக்கு 506 லிட்டர், 2012-ல் நீளம் குறைத்து வந்த டிசையருக்கு 316. கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று, 15 வருஷம். டெல்லியில் போட்ட மாதிரி 10 வருஷ டீசல் தடை நமக்கு இல்லை, ஆனால் ஆர்சி 15 வருஷத்தில் முடியும், எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டித்தான் 5 வருஷத்துக்குப் புதுப்பிக்க முடியும். 2011 வண்டியை வாங்கினால் இந்தச் செலவு உங்கள் தலையில்தான், விலை பேசும்போதே கழித்துவிடுங்கள்.

தினமும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறவர் என்றால் டிசையரை எடுக்கலாம். பெரம்பூர், பாரிமுனை, மாதத்தில் ஒரு தடவை திருப்பதி என்றால் நான் சிட்டியைத்தான் சொல்வேன், அடிப்பகுதி சுத்தமாக இருந்தால் மட்டும். இல்லையென்றால் அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள், சிட்டிக்கா பஞ்சம்.