78 மாடல் அம்பாசிடர் இன்லெட் மேனிஃபோல்டுல வீட்லயே கை வெச்சேன், ரெண்டு வருஷ அனுபவம்

அப்பா ஓட்டின மார்க் 3, இப்போ அல்சூர்ல எங்க வீட்டு வாசல்ல நிக்குது. 1489 சிசி பிஎம்சி இன்ஜின், ஒத்தை எஸ்யூ கார்ப் (காத்துல பெட்ரோலை கலக்கற கார்புரேட்டர்). இந்த இன்ஜின்ல இன்லெட் மேனிஃபோல்டும் (காத்தும் பெட்ரோலும் கலந்து உள்ள போற குழாய்) எக்ஸாஸ்ட்டும் (புகை வெளிய போற குழாய்) ஒரே பக்கம், அடுப்பு மேல வெச்ச பாத்திரம் மாதிரி இன்லெட்டு சூட்டுலயே உக்காந்திருக்கும். ஏப்ரல் மாசம் சில்க் போர்டு டிராஃபிக்ல அரை மணி நேரம் மாட்டினா போதும், கார்ப்ல பெட்ரோல் கொதிச்சு ஐட்லிங் தள்ளாடும், ஆஃப் பண்ணிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்து சாவி போட்டா எடுக்கவே எடுக்காது, பின்னாடி ஆட்டோக்காரர் கன்னடத்துல நம்ம பரம்பரையையே விசாரிப்பார்.

சரி, சூட்டுல இருந்து இன்லெட்டை பிரிச்சிடலாம்னு நானே ஒண்ணு செஞ்சேன். நாலு சிலிண்டர் இருந்தாலும் ஹெட்ல இன்லெட் வாய் ரெண்டே ரெண்டுதான், 1-2க்கு ஒண்ணு, 3-4க்கு ஒண்ணு, அதனால பைப்ல ஒரு டி போட்டு நடுவுல கார்ப்பை மாட்டினா முடிஞ்சதுன்னு ஒரு அசட்டு தைரியம். 38 எம்எம் பைப், 8 எம்எம் பிளேட்ல ஃப்ளாஞ்ச் (பைப்பை இன்ஜின் ஹெட்டோட சேர்த்து முடுக்கற தட்டு), எக்ஸாஸ்ட்டுக்கு தனி ஹெட்டர் (புகைக் குழாய்) வெளிய அடிச்சு வாங்கினேன். வெல்டிங் சூட்டுல ஃப்ளாஞ்ச் வாழை இலை மாதிரி வளைஞ்சிருந்துச்சு, ஜன்னல் கண்ணாடி மேல எமரி ஷீட்டை ஒட்டி ரெண்டு ஞாயித்துக்கிழமை தேச்சேன், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு) உள்ள போகாத வரைக்கும்.

மாட்டி ஸ்டார்ட் பண்ணா ஐட்லிங் நிக்கல, பிளக் வெள்ளை வெளேர்னு இருக்கு, அதாவது எங்கயோ ஏர் உள்ள போகுது. ஒரு ஓஸ் துண்டோட ஒரு முனையை காதுல வெச்சு இன்னொரு முனையை ஜாயின்ட் ஓரமா நகர்த்திட்டே வந்தேன், மூணாவது ஸ்டட்டுகிட்ட (ஹெட்ல இருந்து நீட்டிட்டு இருக்கற போல்ட்டு) உஸ்ஸுன்னு சத்தம். விஷயம் என்னன்னா நடுவுல இருக்கற ஸ்டட்டுல ஒரே தடி வாஷர்தான் இன்லெட்டையும் எக்ஸாஸ்ட்டையும் சேர்த்து அமுக்கணும். என் ஃப்ளாஞ்ச் 8, ஹெட்டர்காரர் போட்டது 10. வாஷர் சாய்ஞ்சு ஒரு பக்கம் மட்டும் அமுக்குது, நட்டை எவ்வளவு முறுக்கினாலும் இன்லெட்டுல ஏர் பிடிக்கத்தான் செய்யும். பீன்யால ஒரு மில்லிங் பட்டறையில ஹெட்டரை 8க்கு இறக்கினதும் உஸ்ஸு போச்சு.

அதுக்கப்புறம் நாலு மாசம் சொர்க்கம். சேலத்துல இருந்து திரும்பி வர்றப்ப தொப்பூர் ஏத்தத்துல வழக்கமா ரெண்டாவதுக்கு இறங்கற இடத்துல மூணாவதுலயே இழுத்துச்சு. வெயில் பிரச்சனையும் காணோம்.

டிசம்பர் வந்துச்சு, காலையில 15 டிகிரி. சோக்கை (குளிர்ல பெட்ரோலை கூட்டி விடறது) இழுத்தே வெச்சு டிரினிட்டி சர்க்கிள் தாண்டி போகணும், உள்ள தள்ளினா இருமும், சிக்னல்ல கிளட்ச் விட்டா பொசுக்குன்னு ஆஃப். தெரு முனையில இருக்கற மேஸ்திரி, அப்பா காலத்து ஆள், பானெட்டை திறந்து பாத்துட்டு சிரிச்சார். "தம்பி, கம்பெனிக்காரன் சூட்டை சும்மாவா குடுத்தான்? பெட்ரோல் ஆவியா போகணும்ல, உன் பைப்புல தண்ணியாட்டம் ஒழுகுது." கழட்டிப் பாத்தா நெசந்தான், பைப்போட அடிப்பக்கம் ஈரம். குளிர்ந்த பைப், அதுவும் அகலமான பைப், மெதுவா ஓட்டும்போது காத்து வேகம் இல்லாம பெட்ரோல் செவுத்துலயே ஒட்டிக்குது. ஐயாயிரம் ஆர்பிஎம்முக்கு அது சரி, இந்திராநகர் டிராஃபிக்ல நான் எங்க ஐயாயிரத்துக்கு போக?

ஒரிஜினலையே திரும்ப மாட்டினேன், கொஞ்சம் வேலை செஞ்சு. ஜாயின்ட் பேக்கிங்கை (கேஸ்கெட்) டெம்ப்ளேட்டா வெச்சு கோடு போட்டு போர்ட் வாய்ல நீட்டிட்டு இருந்த வார்ப்பு பிசிறை மட்டும் அரத்தால எடுத்தேன், பாலிஷ் எல்லாம் போடல. கார்ப்புக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல 10 எம்எம் ஹைலம் ஷீட் (சூட்டை சுலபமா கடத்தாத பலகை) ஸ்பேசர், கீழ ஒரு அலுமினிய தகடு. மேனிஃபோல்டு சூடாகட்டும், கார்ப்புக்கு மட்டும் சூடு ஏற வேணாம், அவ்ளோதான். கார்ப் 10 எம்எம் வெளிய வந்ததால நீளமான ஸ்டட்டு தேடி ஜேசி ரோட்டுல மூணு கடை ஏறி இறங்கினேன், த்ராட்டில் ராடையும் வளைக்க வேண்டியதாச்சு.

வாக்யூம் கேஜ் (இன்லெட்டுல இருக்கற உறிஞ்சற அழுத்தத்தை பாதரச இன்ச்ல காட்டற மீட்டர்) போட்டப்ப ஒரு கூத்து. புக்ல இருக்கறதை விட 3 இன்ச் கம்மி காட்டுச்சு, திரும்ப லீக்குன்னு நினைச்சு மொத்தத்தையும் கழட்டினேன். பெங்களூர் 900 மீட்டர் உயரம், ஆயிரம் அடிக்கு ஒரு இன்ச் குறையும், கணக்கு சரியாத்தான் இருந்திருக்கு.

இந்த செட்டப்ல 11,000 கிலோமீட்டர் ஆச்சு. மைலேஜ் லிட்டருக்கு 9 இருந்தது 10 தாண்டுது, பெரிய வித்தியாசம்னு சொல்ல மாட்டேன். வெயில்ல ஹாட் ஸ்டார்ட் பத்துக்கு ஒம்போது தடவை எடுக்குது. ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) போட ஆரம்பிச்சதும் கொஞ்சம் லீன் ஆச்சு (காத்துக்கு பெட்ரோல் பத்தல), கார்ப் பிஸ்டனை நூல் அளவு தூக்கினா இன்ஜின் செத்துடும், ஜெட் நட்டை (பெட்ரோல் அளவை கூட்டிக் குறைக்கற நட்டு) ரெண்டு பட்டை கீழ இறக்கினதும் சரியாச்சு. ரப்பர் ஓஸ் எல்லாத்தையும் எத்தனாலுக்கு தாங்கறதா மாத்திட்டேன். ஸ்பேசரோட பேக்கிங் மட்டும் ஒரு தடவை ஊறி பிதுங்கிடுச்சு, இப்போ மழைக்காலத்துக்கு முன்னாடி வருஷா வருஷம் மாத்திடறேன்.

பைப் மேனிஃபோல்டு பரண்ல கிடக்கு. மர்ஃபி டவுன்ல இருந்து ஒரு அம்பாசிடர் நண்பர் குடுங்கன்னு கேட்டார், டிசம்பர்ல காலைல ஆறு மணிக்கு வாங்க, மாட்டி காட்டறேன், ஓட்டிப் பாத்துட்டு எடுத்துட்டு போங்கன்னு சொல்லியிருக்கேன்.