வேர்ட்பிரஸா, ஹியூகோவா: எழுதாத நாட்களின் கணக்கு

பத்து வருடம் வேர்ட்பிரஸில் இருந்த என் வலைப்பூவை 2023 கடைசியில் ஹியூகோவுக்கு மாற்றினேன்; இரண்டும் வலைத்தளம் நடத்த உதவும் மென்பொருள்கள். அன்றிலிருந்து ஆபீஸில் புதிதாகச் சேரும் பிள்ளைகளும் சரி, பழைய நண்பர்களும் சரி, டீக்கடையில் நிறுத்திக் கேட்பது ஒன்றுதான்: "எதுண்ணே நல்லது?" ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் ஒரு பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன், அப்புறம் குறை சொல்லக்கூடாது.

எல்லோரும் பேசும் விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். வேகத்தில் ஹியூகோ தளம் முந்தும். நல்ல கேஷ் பிளகின் (ஒருமுறை தயாரித்த பக்கத்தை எடுத்துவைத்துத் திரும்பக் கொடுக்கும் துணை நிரல்) போட்ட வேர்ட்பிரஸ் தளம் அதற்கு வெகு அருகில் வந்துவிடும். செலவென்று பார்த்தால், ஹியூகோவுக்கு எனக்கு ஆவது டொமைன் (தளத்தின் பெயர்) பணம் மட்டும்தான்; கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் போன்ற இடங்களில் சின்ன வலைப்பூவை இலவசமாகவே வைத்துக்கொள்ளலாம். அழகு இரண்டிலும் எந்தத் தீம் (தளத்தின் தோற்ற வடிவம்) போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. இந்த மூன்றுக்காக யாரும் மாற வேண்டியதில்லை. நானும் மாறவில்லை.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பது தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. 2003இல் வந்த வேர்ட்பிரஸ், பிஎச்பி என்ற நிரல்மொழியும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும் சேர்ந்து ஓடுவது. வாசகர் வந்து கேட்டதும் டேட்டாபேஸிலிருந்து பதிவை எடுத்து, தீமில் பொருத்தி, பக்கத்தை அப்போதுதான் தயாரித்துக் கொடுக்கும். ஹியூகோ 2013இல் ஸ்டீவ் ஃபிரான்சியா தொடங்கியது, கோ மொழியில் எழுதப்பட்டது. பதிவுகளை மார்க்டவுன் (எளிய குறிகள் போட்ட எழுத்து) ஃபைல்களாக நம் கணினியிலேயே வைத்திருப்போம். ஒரு கமாண்ட் கொடுத்தால் தளம் முழுவதையும் பிரௌசர் படிக்கும் எச்டிஎம்எல் பக்கங்களாகச் செய்து ஒரு ஃபோல்டரில் போட்டுவிடும். அந்த ஃபோல்டரை மேலே ஏற்றினால் தீர்ந்தது. ஒன்று ஆர்டர் கொடுத்ததும் வார்க்கும் தோசை, இன்னொன்று கட்டுச்சோறு.

இப்போது நான் மாறிய காரணத்துக்கு வருகிறேன். போன வருடம் நான் எழுதியது ஏழு பதிவு. ஒரு பதிவுக்கு மூன்று நாள் என்று தாராளமாக வைத்தாலும் இருபத்தொரு நாள். மிச்சம் 344 நாளும் நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஒப்பீடு செய்பவர்கள் எல்லோரும் எழுதுகிற நாளை வைத்தே பேசுகிறார்கள்: எடிட்டர் எப்படி, படம் போடுவது எப்படி, கோடு (நிரல்) துண்டு வண்ணத்தில் வருமா. எழுதாத 344 நாளில் இந்தக் கருவி என்ன செய்துகொண்டிருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

2023இல் என் தம்பி நிச்சயதார்த்தம், விருதுநகரில். மண்டபத்தில் பந்தி ஓடிக்கொண்டிருக்கிறது. நான் சாம்பார் வாளியோடு இரண்டாவது வரிசையில். போன் அடிக்கிறது, கூட வேலை பார்க்கும் பையன்: "அண்ணே, உங்க சைட்டுல ஏதோ எர்ரர்னு ஒரே ஒரு வரி வருது." வாளியை மாமா கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். என் தளத்தை வைத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனம் பழைய பிஎச்பி 7.4ஐ எடுத்துவிட்டு எல்லோரையும் 8க்கு நகர்த்தியிருந்தது. இரண்டு மாதம் முன்பே மெயில் அனுப்பியிருந்தார்கள். தள்ளுபடி விளம்பர மெயில்களுக்கு நடுவில் அது கிடந்தது. அவர்கள் செய்ததும் தப்பில்லை, 7.4க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. என் தளத்தில் அடிக்குறிப்பு போடுவதற்கென்று ஒரு குட்டி பிளகின் இருந்தது. எழுதியவர் ஆறு வருடமாக அதைத் தொடவில்லை. பிஎச்பி 8.0இல் நீக்கப்பட்ட ஒரு ஃபங்ஷனை அது கூப்பிட, மொத்தத் தளமும் படுத்துவிட்டது.

சரிசெய்வது தெரிந்த வேலைதான். அந்த பிளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டால் வேர்ட்பிரஸ் அதைக் காணோம் என்று விட்டுவிடும், தளம் எழுந்துகொள்ளும். ஆனால் அதை ஐந்தங்குல போனில், ஹோஸ்டிங்காரர்களின் ஃபைல் மேனேஜரை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, எண்ணெய்க் கையோடு செய்து பாருங்கள். நாற்பது நிமிடம் ஆனது. தளம் வந்தது, நாற்பது பதிவுகளில் அடிக்குறிப்பு போனது. தம்பி மாமனார் வீட்டாரோடு எடுத்த குரூப் போட்டோவில் நான் இல்லை. அதை அம்மா இன்னமும் சொல்லிக்காட்டுகிறார்.

ஆட்டோ-அப்டேட் போட்டிருந்தால் தப்பித்திருப்பாயே என்பார்கள். வேர்ட்பிரஸ் தன்னுடைய சிறு அப்டேட்களை 2013 முதல் தானே போட்டுக்கொள்கிறது. 2020இல் வந்த 5.5லிருந்து பிளகின்களுக்கும் அந்த வசதி உண்டு. என்னிடமும் போட்டுத்தான் இருந்தது. கைவிடப்பட்ட பிளகினுக்கு அப்டேட் எங்கிருந்து வரும்? டாஷ்போர்டில் அதன் பக்கத்தில் எந்தச் சிவப்பு எண்ணும் இல்லை. ஆறு வருடம் சமர்த்துப் பிள்ளையாக உட்கார்ந்திருந்தது.

ஊர் திரும்பியதும் என் பிளகின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பதினொன்று. தளம் மெதுவாக இருக்கிறதென்று கேஷுக்கு ஒன்று, லாகின் பக்கத்தை ரோபோக்கள் தட்டிக்கொண்டே இருப்பதால் பாதுகாப்புக்கு ஒன்று, ஏதாவது உடைந்தால் என்று பேக்கப்புக்கு ஒன்று, ஸ்பாம் கமெண்டுக்கு ஒன்று, பழைய திருத்தங்கள் சேர்ந்து வீங்கும் டேட்டாபேஸைத் துப்புரவு செய்ய ஒன்று. ஐந்து பிளகின் வேர்ட்பிரஸைக் காவல் காக்கவே இருந்தன. வாசகருக்கென்று இருந்தவை மிச்சம் ஆறுதான்.

ஹியூகோ உடையாதா? நன்றாகவே உடையும். மாற்றிய வாரத்திலேயே அடி வாங்கினேன். வேர்ட்பிரஸிலிருந்து எடுத்த பதிவுகளில் எச்டிஎம்எல் துண்டுகள் கலந்து கிடக்கும்: யூடியூப் வீடியோ, அட்டவணை, இந்த மாதிரி. ஹியூகோ 2019இல் 0.60 பதிப்போடு கோல்ட்மார்க் என்ற மார்க்டவுன் நிரலுக்கு மாறியது. அது மார்க்டவுனுக்குள் நேரடியாக எழுதிய எச்டிஎம்எல்லை, நாம் அனுமதி கொடுக்காதவரை, விழுங்கிவிடும். ஆவணத்தில் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. முப்பது பதிவுகளில் வீடியோ இருந்த இடம் காலி. கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலில் ஒரு வரி சேர்த்ததும் எல்லாம் திரும்பி வந்தன. அடுத்து, 2025இல் புது லேப்டாப் வாங்கியபோது ஹியூகோவின் புதிய பதிப்பைப் போட்டேன். என் தீம் பழையது. பக்கத்துக்கு எத்தனை பதிவு என்று சொல்லும் அமைப்பின் பெயரே மாறியிருந்தது. டெர்மினல் (கமாண்ட் அடிக்கும் திரை) முழுக்கச் சிவப்பில் பிழைச் செய்தி.

ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்தது நான் ஒருவன் மட்டும்தான். மேலே ஏற்றிவைத்த எச்டிஎம்எல் பக்கங்களுக்கு ஹியூகோ என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அவை பாட்டுக்கு வாசகர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. அன்று ராத்திரி தோசை சாப்பிட்டுவிட்டு, நிதானமாக, மறுநாள் சரிசெய்தேன். என்னைச் சாய்த்தது இதுதான்: வேர்ட்பிரஸ் உடைந்தால் வாசகர் முன்னால் உடைகிறது, ஹியூகோ உடைந்தால் என் மேஜையில் உடைகிறது. இப்போது இன்னும் ஒரு படி போய், என் தீமோடு ஒத்துப்போகும் ஹியூகோ பதிப்பையே வலைப்பூ ஃபோல்டருக்குள் போட்டு வைத்திருக்கிறேன். அது ஒரே ஒரு ஃபைல்தான், தனியாக நிறுவ வேண்டியதே இல்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு, ஆங்கில ஒப்பீடுகளில் இது வரவே வராது. பதிவின் முகவரியை வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து எடுக்கும். அந்த முகவரிக்கு டேட்டாபேஸில் 200 எழுத்து இடம். ஆனால் தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், முகவரியில் ஒவ்வொரு பைட்டும் %E0 மாதிரி சதவீதக் குறி போட்டு மூன்று எழுத்தாகும். ஆக ஒரு 'க' ஒன்பது எழுத்து. புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக ஒன்பது. 'க்' என்றால் பதினெட்டு. மொத்தத்தில் இருபத்திரண்டு குறியீட்டோடு கத்தரி விழுந்துவிடும்.

நான் 'சர்வர் இல்லாமல் ஒரு தளத்தை நடத்துவது எப்படி' என்று எழுதிய பதிவின் முகவரி 'சர்வர்-இல்லாமல்-ஒரு-தளத்' என்று நின்றது. 'ஜாவாஸ்கிரிப்ட் குறிப்புகள்' என்று தொடங்கும் தொடர் ஒன்று போட்டிருந்தேன், ஒன்பது பகுதி. எல்லாமே ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு முதலாவது 'ஜாவாஸ்கிரிப்ட்-குறிப்பு' ஆனது. அடுத்ததற்கு எண் சேர்க்க இடம் போதாமல் இன்னொரு குறியீட்டையும் தின்று 'ஜாவாஸ்கிரிப்ட்-குறிப்ப-2' ஆனது. இப்படியே குறிப்ப-9 வரை. வெளியிடும் முன் முகவரியைக் கையால் மாற்றியிருந்தால் இது வந்திருக்காது என்பது உண்மை. பத்து வருடமாக நான் மாற்றவில்லை என்பதும் உண்மை.

இடம் மாறும்போது இது தலைவலியாக வந்து நின்றது. பழைய முகவரிகள் பிறர் பதிவுகளில், வாட்சப் குழுக்களில், தேடுபொறியில் எல்லாம் கிடக்கின்றன; அவை செத்துப்போகக்கூடாது. 214 பதிவுக்கும் பழைய முகவரி, புது முகவரி என்று ஒரு அட்டவணை போட்டேன். ஸ்கிரிப்ட் எழுதித்தான் போட்டேன், இருந்தும் 'குறிப்ப-4' எந்தப் பகுதி என்று உறுதிப்படுத்த ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. ஹியூகோவில் ஒவ்வொரு பதிவின் தலையிலும் பழைய முகவரியை எழுதிவைத்தால், அந்த இடத்தில் ஒரு சின்னப் பக்கத்தைச் செய்து புதியதற்குத் திருப்பிவிடும். இரண்டு வார இறுதி போனது. மாற நினைப்பவர்கள் இந்த இரண்டு வார இறுதியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஒரு மணி நேரத்தில் மாறலாம்" என்று சொல்பவர்களிடம் பத்து பதிவுக்கு மேல் இருக்காது.

பராமரிப்புதான் அளவுகோல் என்றால் கூகுளின் வலைப்பூ சேவையான பிளாகர்தானே ஜெயிக்க வேண்டும் என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. 2003இல் கூகுள் வாங்கிய பிளாகரில் அப்டேட் செய்ய எதுவுமே கிடையாது. நானும் அங்கே எழுதியவன்தான். தமிழ்த் தலைப்பு வைத்தால் அது முகவரியை வெட்டக்கூடச் செய்யாது, மொத்தமாகத் தூக்கிப்போட்டுவிட்டு பிளாக்-போஸ்ட் என்று வைத்து, அடுத்ததற்கு ஓர் எண்ணை ஒட்டிவிடும். கோடு துண்டுகளோடு எழுதுவதும் அங்கே மல்லுக்கட்டு. அதைவிட, பல வலைப்பூக்களை ஒரே இடத்தில் படிக்க உதவிய தன் ரீடரை கூகுள் 2013இல் மூடியதைப் பார்த்தவன் என்பதால் எனக்கு ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. பயம்தான், காரணம் என்று சொல்ல மாட்டேன். பிளாகர் இன்றும் ஓடுகிறது. என் சித்தி சமையல் குறிப்பு எழுதுவது பிளாகரில்தான், அவரை நான் அசைக்கப்போவதில்லை. கோஸ்ட் என்ற இன்னொரு வலைப்பூ மென்பொருளை மூன்று வாரம் போட்டுப் பார்த்தேன். எடிட்டர் அருமை, மெயிலில் பதிவு அனுப்பும் வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் சொந்தமாக நடத்த நோட்.ஜெஎஸ் ஓடும் சர்வரும் டேட்டாபேஸும் வேண்டும். மூன்று வார அனுபவத்தில் இதற்கு மேல் பேசினால் அது அளப்பு.

வேர்ட்பிரஸை நினைத்து நான் ஏங்குவதும் உண்டு. பஸ்ஸில் வரும்போது போனிலேயே எழுதி அப்படியே வெளியிடுவேன். இப்போது போனில் நோட்ஸில் எழுதிவைத்து, வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து, மார்க்டவுன் ஃபைல் ஆக்கி, கிட் புஷ் (ஃபைலை மேலே ஏற்றும் கமாண்ட்) கொடுத்தால்தான் ஆச்சு. பாதி பதிவு நோட்ஸிலேயே நின்றுவிடுகிறது. தேடலும் அப்படித்தான். வேர்ட்பிரஸின் தேடல் பெரிய புத்திசாலி ஒன்றும் இல்லை, எழுத்துக் கோவை எங்கே வந்தாலும் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் 'வீட்டு' என்று தேடினால் 'வீட்டுக்கு', 'வீட்டுக்காரர்' எல்லாம் வந்துவிடுவது தமிழுக்கு ரொம்பத் தோது. ஹியூகோவில் தேடலை நாமேதான் சேர்க்க வேண்டும். கமெண்டும் போயிற்று. கிட்ஹப் கணக்கு இருந்தால் கமெண்ட் போடலாம் என்று ஒரு ஏற்பாடு செய்தேன். புரோகிராமர்கள் போடுகிறார்கள். முன்பு ஒவ்வொரு பதிவுக்கும் "அருமை தம்பி" என்று எழுதிய தஞ்சாவூர் ஆசிரியர் ஒருவர் இப்போது மெயில் அனுப்புகிறார்.

கடை வைக்கும் தளமோ, நாலு பேர் சேர்ந்து எழுதும் தளமோ நான் ஹியூகோவில் நடத்தியதில்லை, அதைப்பற்றி என்னிடம் கேட்காதீர்கள். வாடிக்கையாளர்களுக்கு ஆபீஸில் நான் கட்டிக்கொடுப்பது இன்றும் வேர்ட்பிரஸ்தான். அவர்களிடம் டெர்மினலைத் திற என்று சொன்னால் வேலை போய்விடும். மாதாமாதம் பராமரிப்புக்கென்று பணமும் வாங்குகிறோம்.

கடைசியாக ஒன்று, மாறுபவர்கள் எல்லோரும் மறப்பது. தளத்தை நகர்த்தியதும் பழைய ஹோஸ்டிங்கை ரத்து செய்துவிடலாம் என்று நினைத்தேன். என் டொமைன் பெயரில் உள்ள மெயில்பெட்டி அதே கணக்கில்தான் இருக்கிறது, பத்து வருட மெயிலோடு. வங்கி, இன்சூரன்ஸ், பையன் பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் அந்த முகவரிதான் கொடுத்திருக்கிறேன். ஆக அந்த ஹோஸ்டிங்குக்கு இந்த வருடமும் பணம் கட்டியாயிற்று.