கீறல் விழுந்த காருக்குப் பெயின்டரா, டீட்டெய்லிங் கடையா?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு, நிறுத்தி வைத்த ஒரு காரும், சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடக்கிற அகலம்தான். ஒரு சனிக்கிழமை காலை யாரோ மூச்சை விட்டுவிட்டார்கள். ஐஸ் பெட்டிகளோடு காசிமேட்டுப் பக்கமிருந்து வந்த வண்டியின் இரும்புச் சட்டம், என் கருநீலக் காரின் இடப்பக்க முன்கதவில் தொடங்கி, பின்கதவுக் கைப்பிடிக்குக் கீழே வரை ஒரே கோடாக இழுத்துவிட்டது. ஓட்டி வந்த பெரியவர் இறங்கி, தோளில் கிடந்த துண்டால் இரண்டு முறை அழுத்தித் துடைத்துப் பார்த்து, "போகவில்லையே சார்" என்றார். அவரிடம் என்ன கேட்பது? போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். பிறகுதான் கவனித்தேன், அந்தத் துண்டும் தன் பங்குக்குச் சில கோடுகளைப் போட்டிருந்தது.

அதற்கு முன்பும் அந்தக் கார் புத்தம் புதிதாக ஒன்றும் இல்லை. ஏழு வயதான கார். நான் இரண்டாவது கை. தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசு தட்டிவிட்டுப் போகும் ஆளை எங்கள் தெருவில் ஐந்தாறு வீட்டார் சேர்ந்து வைத்திருக்கிறோம். வெயிலில் பானெட்டைப் பார்த்தால் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாகக் கீறல்கள். ஆக எனக்கு இருந்தது ஒரு நோய் இல்லை, இரண்டு. கதவில் ஒரு ஆழமான கோடு, உடம்பு முழுக்க மெல்லிய சிராய்ப்பு. இந்த வித்தியாசம் புரியாமல் மூன்று இடங்களில் விலை கேட்டேன். மூன்றும் வெவ்வேறு ஊர் விலைபோல இருந்தன.

கம்பெனி சர்வீஸ் சென்டரில், இரண்டு கதவுக்கும் முழு பெயின்ட், ஜிஎஸ்டியோடு சுமார் 14,000 ரூபாய், இன்சூரன்ஸில் போட்டுவிடலாம் என்றார்கள். வியாசர்பாடியில் டிங்கரிங்–பெயின்டிங் செய்யும் பெரியவர் அதே வேலைக்கு 7,000 கேட்டார். கொளத்தூரில், காரைக் கழுவி மெருகேற்றும் ஒரு டீட்டெய்லிங் கடையில், கார் முழுக்க மெஷின் பாலிஷ் போட 9,000, பெயின்ட்டுக்கு மேல் பூசும் மெல்லிய பாதுகாப்புப் பூச்சான செராமிக் கோட்டிங்கும் சேர்த்தால் 22,000. நான்காவது வழி, உதிரிபாகக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கீறலைத் தேய்த்தெடுக்கும் பசையான ரப்பிங் காம்பவுண்ட் டியூபும் நம் கைவலியும்.

எதை எடுப்பது என்று முடிவு செய்ய, பெயின்ட் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடிபோன்ற க்ளியர் கோட். நான்கும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். க்ளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான் இருக்கும். பாலிஷ் போடுகிறவர், பெயின்ட் அடிக்கிறவர், கோட்டிங் விற்கிறவர் எல்லோருமே தலைமுடியைவிடக் குறைவான இந்தக் கனத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள்.

பாலிஷ் என்றால் கீறலை ஏதோ களிம்பு வைத்து அடைப்பது என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். நடப்பது நேர் எதிர். கீறலின் அடிவரைக்கும் சுற்றியுள்ள க்ளியர் கோட்டை இறக்கிச் சமமாக்குகிறார்கள். பள்ளம் மறைவது, மேடு தேய்ந்ததால்தான். எனவே ஒவ்வொரு பாலிஷும் கையிருப்பிலிருந்து எடுக்கும் செலவு. கனமான காம்பவுண்ட் ஒரு சுற்றுக்குச் சில மைக்ரான்களை எடுத்துவிடும். வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்குவதும் இதே அடுக்குதான் என்பதால், அளவு மீறித் தேய்த்த கார்களில் சில வருடங்களில் கூரையும் பானெட்டும் வெளுத்துத் தோல் உரிவதைப் பார்க்கலாம்.

இன்னொன்று. கம்பெனியில் அடித்த க்ளியர் கோட்டை வெறும் உடற்கூடாக இருக்கும்போதே சுமார் 140 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். வயர், ரப்பர், சீட் எல்லாம் மாட்டிய பிறகு எந்தப் பட்டறையும் அந்தச் சூட்டைத் தர முடியாது. நல்ல பெயின்ட் பூத்திலேயே 60 டிகிரி அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கம்பெனி பெயின்ட் ஒரு முறை போனால் போனதுதான். இது தெரிந்த பிறகு, நல்ல இரண்டு கதவையும் முழுதாகத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டு வைத்தியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையால் காம்பவுண்ட் தேய்த்தால் விரல் நுனி அழுத்தம் விழும் இடத்தில் மட்டும் மங்கி, ஒரு கீறலுக்குப் பதில் ஒரு திட்டு கிடைக்கும். கதவில் வேறு வண்டியின் பெயின்ட் ஒட்டியிருந்தால் அதை எடுக்க இது போதும். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. உப்புத்தாளை நினைத்தே பார்க்காதீர்கள்.

கம்பெனி சர்வீஸைப் பொறுத்தவரை வேலை மோசமில்லை, கணக்குதான் இடிக்கிறது. கிளெய்ம் போடாமல் ஓட்டியதற்காகச் சொந்தச் சேத பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதம் வரை ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் அது சுழியத்துக்கு இறங்கிவிடும். 1500 சிசி வரையிலான காருக்கு முதல் 1,000 ரூபாய் எப்படியும் நம் தலையில்தான். தேய்மானக் கழிவு இல்லாத பாலிசி எடுக்காதவர்களுக்குப் பெயின்ட் பொருள் செலவில் பாதியையும் கழிப்பார்கள். தகடு நசுங்கியிருந்தால் கிளெய்ம் சரி. ஒரு கோட்டுக்காக அதைச் செய்வது, கொசுவுக்குப் பயந்து வீட்டை விற்கிற கதை. எனக்கு அப்போது 45 சதவீதம் இருந்தது, கை வைக்கவில்லை.

வியாசர்பாடிப் பெரியவரிடம் போனபோது அவர் முதலில் கதவைப் பார்க்கவில்லை. பெட்ரோல் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பார்த்தார். "இதுதான் தம்பி உன் காரின் பிறந்த நிறம். வெளியே இருப்பது ஏழு வருட வெயில் பட்ட நிறம்" என்றார். பெயின்ட்டின் குறியீட்டு எண்ணைச் சொல்லிக் கலந்து வாங்கினால் கிடைப்பது பிறந்த நிறம். அதை அப்படியே அடித்தால் கதவு மட்டும் புதுச் சட்டை போட்டதுபோலத் தனியாகத் தெரியும். அதனால் அவர் கண்ணால் பார்த்துத் துளித் துளியாகச் சேர்த்துக் கலக்குகிறார். பக்கத்துப் பாகத்திலும் கொஞ்சம் படரவிட்டுக் கரைத்துவிடுகிறார். மெட்டாலிக் நிறத்தில் இது சின்ன வித்தை இல்லை. அலுமினியத் துகள்கள் எப்படிப் படுகின்றன என்பதைப் பொறுத்து ஒரே பெயின்ட்டே இரண்டு நிறம் காட்டும். பட்டறை திறந்தவெளியில் இருப்பதால் தூசி உட்காரும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். மழைக்காலத்தில் முழுக் கதவு வேலையை எடுப்பதில்லை என்றும் சொன்னார். கம்ப்ரஸர் காற்றோடு ஈரம் வந்தால் வேலை கெட்டது. தன் குறையைத் தானே சொல்லும் கடைக்காரரை நான் சட்டென்று நம்பிவிடுவேன். இது என் பலவீனம்.

கொளத்தூர்க் கடைக்குப் போகும்போது பழைய சூடு ஒன்று மனதில் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் வேறொரு கடையில், பேர் வேண்டாம், மூன்று மணி நேரத்தில் காரைக் கண்ணாடிபோல ஆக்கி, செராமிக் என்று பணம் வாங்கினார்கள். நான்காவது கழுவலில் சிலந்தி வலை பழைய இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸால் கீறல்களை அடைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று பிறகு புரிந்தது. அதனால் இந்த முறை கடைப் பையன் கோட்டிங் விலைப்பட்டியலை நீட்டினால் திரும்பிவிடுவது என்று முடிவோடுதான் போனேன்.

அவன் நீட்டியது ஒரு சின்ன மீட்டர். பெயின்ட்டின் தடிமனை அளக்கும் கருவி. கதவில் வைத்தான், 112 மைக்ரான். கூரையில் 118. பானெட்டில் 109. இடது பின் ஃபெண்டரில் வைத்தபோது 260. "சார், இது முன்பே ஒரு முறை அடித்தது" என்றான். வாங்கும்போது எங்கும் பெயின்ட் வேலை பார்த்ததில்லை என்று சத்தியம் செய்த முகம் நினைவுக்கு வந்தது. பம்பரில் அவன் வைக்கவே இல்லை. பட்டறைகளில் இருக்கும் சாதாரண மீட்டர் உலோகத்தின் மேல்தான் வேலை செய்யும்.

அடுத்து நகத்தைக் குறுக்கே ஓட்டினான். முன்கதவில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே நான்கு விரல்கடை நீளத்தில் மட்டும் டக்கென்று மாட்டியது. ஒரு பாட்டிலில் தண்ணீரெடுத்துக் கோட்டின் மேல் பீய்ச்சினான். முன்கதவுக் கோடு ஈரத்தில் காணாமல் போயிற்று. நகம் மாட்டிய இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது. ஈரத்தில் மறைந்தால் காயம் க்ளியர் கோட்டோடு நின்றுவிட்டது, பாலிஷுக்கு அடங்கும். சாம்பல் தெரிந்தால் பிரைமர் வரை போய்விட்டது, உலகத்தில் எந்த பாலிஷும் அங்கே நிறத்தை வரவழைக்காது. "அந்த நான்கு விரலுக்குப் பெயின்டரிடம்தான் போக வேண்டும் சார்" என்று அவனே சொன்னான். பிறகு ஒரு துணியில் கொஞ்சம் காம்பவுண்ட் எடுத்துத் தேய்த்ததும் கோட்டில் பாதி துணிக்கு வந்துவிட்டது. பச்சை. மீன்பாடி வண்டியின் பெயின்ட். நான் பார்த்துக் கலங்கியதில் பாதி என் காருடையதே இல்லை.

பானெட்டில் இரண்டடிச் சதுரத்தின் நடுவே டேப் ஒட்டி, ஒரு பாதியை மட்டும் மெஷினால் பாலிஷ் செய்து காட்டச் சொன்னேன். டேப்பை உரித்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தான். ஒரு பக்கம் வெளிச்சத்தைச் சுற்றி நூல் நூலாக வட்டங்கள். மறுபக்கம் டார்ச்சின் பல்பு மட்டும் தெரிந்தது. அடைத்துக் காட்டுகிறானா என்று சந்தேகப்பட்டேன். கேட்காமலே ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து மீண்டும் காட்டினான். டீட்டெய்லிங் கடைக்குப் போகிறவர்கள் இந்த ஸ்பிரிட் துடைப்பை மட்டுமாவது கேட்டு வாங்க வேண்டும். எண்ணெயால் அடைத்த கீறல் அதில் திரும்ப எட்டிப் பார்க்கும்.

பாலிஷுக்கு முன் கழுவும்போதுதான் வடசென்னை வெளியே வந்தது. இரும்புத் துகளைக் கரைக்கும் திரவத்தை அடித்ததும் கதவின் கீழ்ப்பாகமெல்லாம் ஊதாவாக வழிந்தது. இந்தத் தொழிலில் அதற்கு ரயில் தூசி என்றே பெயர். எங்கள் வீடு ரயில் யார்டுக்கு அருகில் இருப்பதால் பெயர் அப்படியே பொருந்தியது. லாரிகளின் பிரேக் தூசும் இதில் சேர்த்திதான். இதை எடுக்காமல், களிமண் போன்ற கட்டியால் (க்ளே பார்) தேய்க்காமல் நேரடியாக மெஷினை வைத்தால், அந்தத் துகள்களையே உப்புத்தாளாக்கிக் காரைத் தேய்த்ததாகிவிடும். கூரையில் போர்த் தண்ணீர் காய்ந்து விட்டுப்போன வெள்ளை வட்டங்கள் சில பாலிஷிலும் போகவில்லை. உப்பு அவ்வளவு ஆழம் அரித்திருந்தது. இன்னொரு சுற்று ஓட்டட்டுமா என்றான், வேண்டாம் என்றேன்.

செராமிக்கும் வேண்டாம் என்றேன். அது கெட்ட பொருள் இல்லை. தண்ணீர் நிற்காது, அழுக்கு எளிதில் போகும். ஆனால் ஓரிரு மைக்ரான் கனமுள்ள பூச்சு, மீன்பாடி வண்டிச் சட்டத்தைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். விளம்பரத்தில் வரும் 9ஹெச் என்பது பென்சில் கொண்டு கீறிப் பார்க்கும் அளவுகோல். வைரத்துக்குப் பக்கத்தில் வைக்கும் அளவு இல்லை. உரசலை உண்மையில் தாங்குவது பிபிஎஃப் என்கிற பாலியூரித்தேன் படலம்தான். 150 முதல் 200 மைக்ரான் கனம் இருக்கும், வெயில் பட்டால் மெல்லிய கீறல்கள் தாமாக மூடிக்கொள்ளும். முழுக் காருக்கு ஒட்டும் செலவில், என் காரை விற்றால் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கு போய்விடும். மறுபெயின்ட் அடித்த பாகத்தில் ஒட்டிவிட்டுப் பின்னால் உரித்தால் பெயின்ட்டும் சேர்ந்து வர வாய்ப்புண்டு. என் 260 மைக்ரான் ஃபெண்டருக்கு அது ஆகாது.

கடைசியில் இரண்டு இடத்துக்கும் பணம் கொடுத்தேன். கொளத்தூரில் ஒரே சுற்று பாலிஷ், ஒன்றரை நாள் ஆயிற்று. முன்கதவுக் கோடு போய்விட்டது. தெரிந்தவர் தேடினால் மாலை வெயிலில் ஒரு நிழல் தெரியும். பின்கதவின் நான்கு விரல்கடைக்கு வியாசர்பாடிப் பெரியவர் முழுக் கதவை அடிக்க மறுத்துவிட்டார். மெல்லிய தூரிகையால் பிரைமர் தெரிந்த பள்ளத்தில் மட்டும் நிறத்தை வைத்து, காயவிட்டு, மேலே க்ளியர் வைத்தார். 500 ரூபாய். கிட்டப் போனால் தழும்பு தெரியும், ஆனால் கடல் காற்றில் துரு ஏறாது. எனக்கு அது போதும்.

காலையில் துடைக்க வருபவருக்கு இரண்டு வாளியும் மைக்ரோஃபைபர் துணியும் வாங்கிக் கொடுத்து, ஈரம் இல்லாமல் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வாளி ஏற்கெனவே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

பின்பம்பர் மூலையில் இருக்கும் பழைய கீறலை இரண்டு கடைக்காரர்களும் சுட்டிக் காட்டினார்கள். பிளாஸ்டிக், மெஷின் சூட்டில் சீக்கிரம் கருகும், அடித்தாலும் நிறம் ஒரு சாயல் மாறும் என்றார்கள். அப்படியே விடச் சொல்லிவிட்டேன். மணலி விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வாரத்தில் ஐந்து நாள் போகிறவனுக்கு எப்படியும் அடுத்த கீறல் அந்த மூலையில்தான் விழப்போகிறது.