நீலத் தறப்பாளும் நான்கு வருட டார்க்டேபிளும்

தேயிலைத் தோட்டத்தில் கலியாணமோ சடங்கோ என்றால் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் முதலில் ஏறுவது நீலத் தறப்பாள்தான். எந்நேரம் மழை கொட்டும் என்று தெரியாத மலையில் வேறு வழியில்லை. ஆனால் பகல் வெளிச்சம் அதனூடாக இறங்கும்போது கீழே நிற்கிற அத்தனை பேரும் நீலம் பாய்ந்து போவார்கள். தலவாக்கலைப் பக்கம் நான் எடுத்த முதல் சடங்கு வீட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளையின் அம்மாயி கேட்டார்: "என்னா தம்பி, புள்ளைய பாம்பு கடிச்ச மாதிரியில்ல இருக்கு?"

அந்த ஆல்பத்தைக் காப்பாற்றத்தான் படம் திருத்துகிற மென்பொருளான டார்க்டேபிளை லெப்டொப்பில் இறக்கினேன். இலவசம் என்பதைத் தவிர வேறு யோசனை இல்லை. நான்கு வருடமாகிறது, இன்னும் அதில்தான் வேலை.

முதல் ஆல்பம் ஜேபெக்கில், அதாவது கெமராவே சுருக்கித் தருகிற ஃபைலில் எடுத்தது. அதில் நிறத்துக்கு 256 படிகள்தான். கெமரா தனக்குத் தோன்றிய வைட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறங்களைச் சமன்செய்வதை) போட்டு, மிச்சத்தைக் கழித்துவிட்டுத்தான் நம் கையில் தரும். இழுக்க இழுக்க முகம் திட்டுத்திட்டாகப் பிரிந்தது. அதன்பிறகு எல்லாம் ரோ ஃபைல், சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருப்பது. 14 பிட், அதாவது 16,384 படிகள். வைட் பேலன்ஸ் அதில் ஒரு குறிப்பு மட்டும்தான், பிறகு எப்படியும் மாற்றலாம்.

டார்க்டேபிளில் எனக்குப் பிடிபட நேரமெடுத்தது, ஒளியின் நிறச்சாயலை நீக்குகிற கலர் கலிபரேஷன். 2020 டிசம்பரில் 3.4 பதிப்போடு வந்த பகுதி அது. பழைய வைட் பேலன்ஸ் பகுதியைக் கெமரா ரெஃபரன்ஸ் என்ற இடத்தில் விட்டுவிட்டு, திருத்தத்தை எல்லாம் இதில் செய்ய வேண்டும். நான் இரண்டையும் திருகினேன். சிவப்பெழுத்தில் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. என் பழைய லெப்டொப்தான் புலம்புகிறது என்று இரண்டு மாதம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அதிலுள்ள பிக்கரால் (நிறம் தொட்டெடுக்கும் கருவியால்) சாம்பல் நிற இடத்தில் ஒரு கட்டம் போட்டால், அந்த இடத்தில் நிறம் இல்லாதபடி முழுப் படத்தையும் அது சரிசெய்யும். கலியாண வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் வைத்தேன், படமே மஞ்சளாகிப் போனது. பிறகுதான் உறைத்தது: வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டிருக்கிறார்கள்! சோப்புத் தூளில் இருக்கிற வெண்மையாக்கிகளும் அதே வேலையைத்தான் செய்யும். நெற்றி விபூதியும் சரிவராது, அடியில் தோல் தெரியும். கடைசியில் 18 சதவீத கிரே கார்ட், அதாவது நிறச்சாயல் இல்லாத சாம்பல் அட்டை ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு இடத்திலும் முதல் படத்தில் யாராவது ஒரு பொடியன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இந்த நான்கு வருடத்தில் செய்த உருப்படியான செலவு அதுதான்.

பிக்கர் சொல்வதெல்லாம் வேதமும் இல்லை. நுவரெலியாவில் கிரகரி வாவிக்கு மேலே நிற்கிற காலை மூடுபனியை அதன் கையில் விட்டால், தூசி கிளம்பிய ரோட்டுபோல் ஆக்கிவிடும். அங்கே கொஞ்சம் நீலத்தை விட்டே வைக்கிறேன். நலங்கில் மஞ்சள் பூசிய முகத்தையும் தொடுவதில்லை. ஒருமுறை தொட்டு, பெண்ணுக்கு இரத்தசோகையா என்று கேட்க வைத்தேன். கொழுந்து மலையில் நிற்பவர்களுக்குத் தாடைக்கடியில் தேயிலையின் பச்சை ஏறும். முகத்துக்கு மட்டும் மாஸ்க் (திருத்தம் அந்த இடத்தோடு நிற்க ஒரு எல்லை) வரைந்து கொஞ்சம் மெஜென்டா கொடுத்தால் போதும். முழுப் படத்துக்கும் கொடுத்தால் தேயிலை வாடிவிடும்.

மாஸ்க் வசதிக்காகவே இதை விட மனமில்லை. கோயில் திருவிழா மாலையில் எண்ணெய் விளக்கு 1,900 கெல்வின் (ஒளியின் நிறத்துக்கான அளவு, குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்) அளவில் எரியும், வெளியே அந்தி நீலம் 8,000 தாண்டும். கலர் கலிபரேஷனை இரண்டுமுறை போட்டு, ஒன்றை உள்ளுக்கும் ஒன்றை வெளிக்கும் ஒதுக்கலாம். மலிவான எல்இடி மாலைகளுக்கு மட்டும் மருந்தே இல்லை, அந்த ஒளியில் சில நிறங்கள் சரியாக இருப்பதேயில்லை. படத்தில் பட்டை விழாமலிருக்க ஷட்டரை 1/100இல் வைப்பேன். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு நூறு முறை துடிக்கும்.

ஒரு கலியாண ஆல்பம் முழுவதையும் திரையை மஞ்சளாக்குகிற நைட் லைட் போட்டபடியே திருத்திக் கொடுத்திருக்கிறேன். மஞ்சள் திரைக்குச் சரிக்கட்ட நான் நீலத்தைக் கூட்ட, பிரின்ட் எல்லாம் குளிரில் விறைத்த மாதிரி வந்தன. திரும்ப அடித்தது என் கைக்காசில்.

தறப்பாளுக்கு வருகிறேன். அது சிவப்பைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஃபைலில் இல்லாத சிவப்பைக் கூட்டினால் மணல் தூவியது போன்ற புள்ளிதான் கூடும். அரக்குப் பட்டில் நன்றாகவே தெரியும். ஃப்ளாஷை மேலே அடித்தாலும் தறப்பாளில் பட்டு நீலமாகத்தான் திரும்பும். அதனால் இப்போது ஓடர் எடுக்கும்போதே மணவறைக்கு மேலே வெள்ளை கட்டச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் முறைக்காகக் கட்டிய அதே வெள்ளைத் துணிதான். அதில் பட்டு வருகிற ஃப்ளாஷ் வெள்ளையாகவே வரும், டார்க்டேபிளில் பாதி வேலை மிச்சம்.

ஃபோனில் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போடுபவருக்கு இத்தனையும் வேண்டாம், ஸ்னாப்சீடின் வைட் பேலன்ஸ் போதும். கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத 8 ஜிபி லெப்டொப்பில் டார்க்டேபிள் ஆமை வேகம். 400 படங்களை எக்ஸ்போர்ட்டுக்கு (திருத்திய படங்களை ஃபைலாக எடுக்க) போட்டுவிட்டு நான் தூங்கப் போய்விடுவேன்.

அந்த முதல் ஆல்பத்தில் பாதிப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கித்தான் கொடுத்தேன். அம்மாயி புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கலர் படத்துக்குத்தானே தம்பி காசு வாங்குன?"