கடைக் குட்டி, கென்னல் குட்டி, வீட்டுக் குட்டி: வேலூரில் ஒரு லேப் தேடல்

செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தையில் கறவை மாடு வாங்க வருகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். மடியைத் தடவி, நாலு காம்பிலும் பீச்சிப் பார்ப்பார். எத்தனாவது ஈத்து என்று கேட்பார். பத்தடி நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்கப்புறம்தான். அதே மனிதர் பிள்ளைகள் கேட்கிறார்களே என்று நாய்க்குட்டி வாங்கக் கிளம்பினால், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு ஜிபேயில் அட்வான்ஸ் போட்டுவிடுகிறார்.

நானும் அப்படிப் போட்டவன்தான். மூன்று வருடம் முன்பு ஒரு கடையில் 7,500 ரூபாய்க்கு லேப், அதாவது லேப்ரடார் குட்டி வாங்கினேன். மூன்றாம் நாள் வாந்தி, நான்காம் நாள் ரத்தபேதி. இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றியும் ஆறாம் நாள் விடியற்காலை போய்விட்டது. பார்வோ என்றார் டாக்டர், குட்டிகளின் குடலைத் தாக்குகிற வைரஸ் நோய். கடைக்காரரைக் கேட்டால், "நீங்க தயிர்சாதம் போட்டிருப்பீங்க" என்றார். பார்வோ கிருமி உடம்பில் ஏறி நோயாக வெளியே தெரியவே பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். அப்படியானால் மூன்றாம் நாளே வாந்தி எடுத்த குட்டிக்கு அது கடையிலோ அதற்கு முன்போ ஒட்டியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தயிர்சாதத்தின் மேல் பழி போட்டது அநியாயம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும், பினாயிலுக்கெல்லாம் அசையாது. பிளீச்சிங் பவுடர் கரைத்து வாசல் முழுக்கக் கழுவிவிட்டு, இரண்டு வருடம் நாய்ப் பேச்சையே எடுக்கவில்லை.

போன வருடம் மகள் மறுபடி ஆரம்பித்தாள். லேப்தான் வேண்டும் என்றாள். தெருக்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கலாமே என்று மாமியார் சொன்னார். அது தப்பான யோசனையே இல்லை. வேலூர் வெயிலுக்கென்றே பிறந்த நாய் அது. மார்கழி, தையில் எங்கள் காட்பாடிப் பக்கம் தெருவுக்கு ஒரு தாய் குட்டி போட்டிருக்கும். ஊசி போட்டு வளர்த்தால் அதைவிட உறுதியான நாய் கிடையாது. மகள் மசியவில்லை, நானும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டேன். அதை இங்கே நியாயப்படுத்தப் போவதில்லை.

இந்த முறை மாமியார் இன்னொன்றும் சொன்னார்: "தாயைப் பாத்துப் பொண்ணைக் கொள்ளு, பாலைப் பாத்துப் பசுவைக் கொள்ளுன்னு சும்மாவா சொன்னாங்க?" குடியாத்தத்திலிருந்து மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டு நான் ஏறி இறங்கிய இடங்களிலெல்லாம் முதல் கேள்வி அதுதான்: தாயைக் காட்டுவீர்களா?

முதலில் கடை. பழைய கடை இல்லை, வேறு கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் லேப், பக், பொமரேனியன் என்று மூன்று இனத்தில் ஆறு குட்டிகள், கீழே நியூஸ் பேப்பர். லேப் 9,000. வயிறு பந்து மாதிரி இருந்தது. நன்றாகச் சாப்பிட்ட வயிறு என்று நினைக்கத் தோன்றும், ஆனால் விலா எலும்பு தெரிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் பூச்சி. தாயைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். கடைப் பையன் சிரித்துவிட்டான். "இன்னா சார், பொண்ணு பாக்க வந்த மாதிரி அம்மாவயெல்லாம் கேட்டுக்கினு கீறீங்க?" குட்டிகள் எங்கிருந்து வருகின்றன என்பதற்குப் "பார்ட்டி கொண்டாந்து குடுப்பாங்க" என்பதற்கு மேல் பதில் இல்லை. வெவ்வேறு வீட்டில் பிறந்த குட்டிகள் ஒரே பெட்டியில் ஒரே தட்டில் தின்றால், ஒன்றின் நோய் ஆறுக்கும் போகும். 2018-இல் வந்த மத்திய அரசு விதிகள்படி செல்லப்பிராணிக் கடையும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். முதலாளி சாப்பிடப் போயிருக்கிறாராம்.

இதில் விலை ஒன்றுதான் சாதகம். அதுவும் எத்தனை நாளைக்கு என்பது என் பழைய கணக்கில் இருக்கிறது.

போனிலேயே குட்டி விற்கிறவர்களைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவர் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன், 3,000 முன்பணம் போடுங்கள் என்றார். வீடியோ காலில் குட்டியையும் தாயையும் சேர்த்துக் காட்டச் சொன்னதும் லைன் கட். குட்டியைப் பார்சலில் அனுப்புகிறேன் என்கிறவரிடம் கேட்கத் தாயும் இல்லை, பார்க்க இடமும் இல்லை.

அடுத்தது ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கென்னல், அதாவது நாய்களை இனவிருத்தி செய்து விற்கிற இடம். நான் அதிகம் தடுமாறியது இங்கேதான். பெரிய தோட்டம், ஷெட்டு, ஷோவில் வாங்கிய கோப்பைகள் வரிசையாக இருந்தன. குட்டி 28,000, கேசிஐ பேப்பரோடு. பேப்பர் என்ற வார்த்தைக்கு நம் ஊரில் ஒரு மயக்கம் உண்டு, அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா சென்னையில் இருக்கிறது. அது தருவது நாயின் வம்சாவளிப் பதிவு, அதாவது அப்பன் யார், ஆத்தா யார், பாட்டன் யார் என்பது. குட்டி ஆரோக்கியமானது என்றோ, தாயை நன்றாக வைத்திருக்கிறார்கள் என்றோ அந்தப் பேப்பர் சொல்லாது. மாநில விலங்குகள் நல வாரியப் பதிவு வேறு விஷயம். 2017-இன் நாய் இனவிருத்தி விதிகள்படி அது பிரீடருக்கான, அதாவது இனவிருத்தி செய்கிறவருக்கான பதிவு. ஒன்று நாய்க்கு, இன்னொன்று ஆளுக்கு. பலர் முதலாவதைக் காட்டி இரண்டாவதையும் முடித்துவிட்ட மாதிரி பேசுகிறார்கள்.

இவரிடம் இரண்டுமே இருந்தன. இன்னொன்றும் இருந்தது, அதைப் பார்த்ததும் அசந்துவிட்டேன்: தகப்பன் நாயின் இடுப்பு எக்ஸ்ரே. லேப், ஜெர்மன் ஷெப்பர்டு இரண்டுக்கும் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு வம்சத்தில் வரும். குட்டியாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. வளர்ந்தபின் எழுந்திருக்கச் சிரமப்படும், படியேறாது. இரண்டு வயது தாண்டிய தாய் தகப்பனுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஜோடி சேர்ப்பதுதான் இதற்கு வழி. நான் போன இடங்களில் தகப்பனுக்காவது அதைச் செய்திருந்தது இவர் ஒருவர்தான்.

சரி, தாய்?

"அது உள்ள இருக்கு சார், வெளி ஆளுங்கள விடறதில்ல, இன்பெக்ஷன் வரும்." அது நியாயமான காரணம்தான். தூரத்திலிருந்து காட்டினால் போதும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஷெட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். இரும்புக் கூண்டு, சிமெண்டுத் தரை. அவள் எழுந்து வரவில்லை. முழங்கையில் காசு அகலத்துக்கு முடி கொட்டிக் காய்த்துப்போயிருந்தது, சிமெண்டில் படுத்துப் படுத்து வந்த காய்ப்பு. முலைகள் தொங்கிப்போய்க் கிடந்தன. இது எத்தனாவது ஈத்து என்று கேட்டேன். "நாலோ அஞ்சோ... ரிஜிஸ்டர்ல இருக்கும் சார்." கடைசியாக எப்போது போட்டது? அதற்கும் ரிஜிஸ்டர்தான். விதிகள் சொல்வது தெளிவு: 18 மாதம் ஆகாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது, வருடத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளுக்கு ஐந்துக்கு மேல் கூடாது, எட்டு வயதுக்கப்புறம் கூடவே கூடாது. அந்த ரிஜிஸ்டரை எடுத்து வரச் சொல்லியிருக்கலாம். எனக்குக் கேட்க மனம் வரவில்லை. இப்போது நினைத்தால் கேட்டிருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் ஷெட்டுக்குள் ஏர்கூலர் முன்னால் ஒரு ஹஸ்கி படுத்திருந்தது. சித்திரை மாதம். 40 டிகிரியை அனாயாசமாகத் தாண்டுகிற ஊரில், பனியில் வண்டி இழுக்கப் பிறந்த நாய். 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனவிருத்திக் கொள்கை ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, பக் போன்றவை இந்தத் தட்பவெப்பத்துக்கு ஆகாது என்று பட்டியல் போட்டது. எதிர்த்து நீதிமன்றம் போனவர்களும் உண்டு. வழக்கு எப்படியோ, அந்த நாய் மூச்சு வாங்கியதை நான் பார்த்தேன். லேபும் குளிர்நாட்டு நாய்தானே என்று மச்சான் குத்திக்காட்டினார். ஆமாம். ஒன்பது மணிக்குமேல் தார் ரோட்டில் நடத்தக் கூடாது என்பது எங்கள் வீட்டில் இப்போது சட்டம்.

கடைசியாக வீடு. குடியாத்தத்தில் மச்சானுக்குத் தெரிந்த ஓர் அம்மா, ஓய்வுபெற்ற டீச்சர். அவரிடம் ஒரே ஒரு பெட்டை லேப், மூன்று வயது, இரண்டாம் ஈத்து. கேட்டைத் திறந்ததுமே தாய்தான் முதலில் வந்தாள். என் கையை, செருப்பை, பேண்டை வரிசையாக மோந்துவிட்டு, டீச்சர் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, நகர்ந்து வழிவிட்டாள். சமையலறைக்குப் பின்னால் தாழ்வாரத்தில் சாக்கு விரிப்பின் மேல் ஏழு குட்டிகள். பக்கத்தில் குக்கர் விசில், டிவி சத்தம், பேரன் சைக்கிள் மணி. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று மாதம் வரைக்கும் குட்டி என்னென்ன பார்த்துக் கேட்டுப் பழகுகிறதோ, அதற்கெல்லாம் பிறகு பெரும்பாலும் பயப்படாது. ஷெட்டில் வளர்ந்த குட்டிக்குக் குக்கர் விசிலே இடியாகத் தெரியும்.

விலை 13,000. "எத்தனை நாள் குட்டி டீச்சர்?" என்று கேட்டேன். 40 என்றார். சரி, அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறோம் என்றார் மச்சான். ஊர் வழக்கம் அதுதானே, 45 நாள் ஆனால் குட்டி கைமாறிவிடும். டீச்சர் தலையாட்டிவிட்டார். "இல்லப்பா. ரெண்டு மாசம் ஆவணும். அதுக்கு முன்னாடி குடுக்கமாட்டேன்."

விதியும் எட்டு வாரம்தான் சொல்கிறது, 56 நாள். 45-க்கும் 56-க்கும் நடுவில் இருக்கிற பதினொரு நாளில் என்ன இருக்கிறது என்பதை அங்கேயே பார்த்தேன். ஒரு குட்டி இன்னொன்றின் காதை அழுத்திக் கடித்தது. கடிபட்டது வீலென்று கத்தி விளையாட்டை விட்டுப் போய்விட்டது. கடித்தது திருதிருவென விழித்தது. எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்ற பாடம் அது. இந்த வகுப்புக்குப் போகாத குட்டி, பின்னால் உங்கள் பிள்ளையின் கையில் அதைப் படிக்கும்.

ஊசி அட்டையையும் அங்கேதான் ஒப்பிட முடிந்தது. கடை அட்டையில் வெறும் தேதியும் ஒரு கிறுக்கலும். டீச்சர் காட்டிய தாயின் அட்டையில் ஒவ்வொரு தேதிக்கும் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், பேட்ச் நம்பர், டாக்டர் கையெழுத்து, சீல். "30 நாள்லயே ஊசி போட்டாச்சு" என்று கடையில் பெருமையாகச் சொன்னார்கள். அது பெருமை இல்லை. சீம்பாலில் தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தை அதுவே முறித்துவிடும். அது எந்தக் குட்டிக்கு எப்போது தீரும் என்று கணிக்க முடியாது. அதனால்தான் ஆறு வாரத்தில் ஆரம்பித்து, சில வார இடைவெளியில், 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில்.

டீச்சரிடம் குறையே இல்லையா? இருக்கிறது. எக்ஸ்ரே கிடையாது. தகப்பன் ஆம்பூரில் ஒரு வீட்டு நாய், அதை வீடியோவில்தான் பார்த்தேன். கேசிஐ பேப்பர் கிடையாது, நாயை அடையாளம் காணத் தோலுக்கடியில் வைக்கிற மைக்ரோசிப் கிடையாது. இடுப்பு விஷயத்தில் கென்னல்காரர் கொடுத்த உறுதியை இவரால் கொடுக்க முடியாது. எட்டு வாரக் குட்டியைத் தொட்டுப் பார்த்து டாக்டராலும் சொல்ல முடியாது. நான் அந்த ஆபத்தை எடுத்துக்கொண்டேன். கென்னல் தகப்பனையும் டீச்சர் தாயையும் ஒரே இடத்தில் பார்த்திருந்தால் 28,000 கொடுத்திருப்பேன்.

வேலூரில் லேப் தேடாமல் ராஜபாளையம் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளை வெளேரென்று இருக்கும் அந்த இனத்தில் பிறவிச் செவிடு வருவதுண்டு. குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது கை தட்டினால், செவிட்டுக் குட்டியும் மற்றவற்றைப் பார்த்துத் திரும்பிவிடும். தனியாகத் தூக்கிப்போய், தூங்க விட்டு, பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். காற்று முகத்தில் படாத தூரத்தில். அது ஓட்ட நாய் என்பதும் நினைவிருக்கட்டும். மாடி போர்ஷனில் வைத்தால் அதற்கும் நரகம், உங்களுக்கும்.

58-ஆம் நாள் குட்டியை எடுக்கப் போனோம். நான் கேட்டதைவிட டீச்சர் கேட்ட கேள்விகள்தான் அதிகம். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? கேட்டுக்குக் கீழே எவ்வளவு இடைவெளி? ஊருக்குப் போனால் யாரிடம் விடுவீர்கள்? வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் தன்னிடமே கொண்டுவந்து விட வேண்டும் என்று சொல்லி, அதை நோட்டுத் தாளில் எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கினார். பூச்சி மருந்து கொடுத்த தேதிகள், முதல் ஊசி, என்ன சாப்பிடுகிறது, எத்தனை வேளை என்பதெல்லாம் அதே தாளின் பின்பக்கம். தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

கிளம்பும்போது பிரீடர் பதிவு பற்றிச் சொன்னேன். விற்பதற்காக இனவிருத்தி செய்கிறவர் யாராக இருந்தாலும் வாரியத்தில் பதிய வேண்டும், வீடு கென்னல் என்று வித்தியாசம் இல்லை என்று. வாங்குகிற நானும் அந்தத் தப்பில் பாதி என்பதையும் சேர்த்தே சொன்னேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"வெச்சிருக்கறதே ஒரு நாய். அதுக்குமாப்பா?"

அதற்கும்தான் டீச்சர் என்றேன். தாளில் அதையும் எழுதிக்கொடு என்று பேனாவை நீட்டினார்.