குடிமையியல் வகுப்பு: பாடநூலா, மாதிரி நாடாளுமன்றமா, வழக்கா?

பத்தாம் வகுப்பில் அடிப்படை உரிமைகளை நடத்த நம்மிடம் பெரும்பாலும் மூன்று வழிகள்தான். பாடநூலை வரிசையாக நடத்தலாம், மாதிரி நாடாளுமன்றம் போடலாம், அல்லது ஒரு நீதிமன்ற வழக்கை எடுத்துக்கொண்டு அதன் வழியாகப் பாடத்துக்குள் போகலாம். மூன்றையும் வகுப்பில் செய்து பார்த்த ஆசிரியன் என்ற முறையில் என் ஓட்டு வழக்குக்கு.

பாடநூலை யாரும் குறைத்துப் பேசிவிட முடியாது. முகவுரை, அடிப்படை உரிமைகள், நீதிப்பேராணைகள், நெறிமுறைக் கோட்பாடுகள், கடமைகள் என்று ஒரு சட்டகம் கிடைக்கிறது. இரண்டு நாள் வராத பிள்ளையும் வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். பொதுத்தேர்வுக்கு அதுதான் கதி. சட்டப்பிரிவு 32-ஐ அரசியலமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று சொன்னவர் யார் என்று கேட்டால், கடைசி பெஞ்சிலிருந்துகூட 'அம்பேத்கர்' என்று பதில் வந்துவிடும்.

சரி, உரிமை பறிபோனால் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம் என்கிற அந்த 32-ஆவது பிரிவு எதற்கு? உரிமையைக் காக்க நீதிமன்றம் பிறப்பிக்கும் ஐந்து பேராணைகளையும் வரிசை மாறாமல் ஒப்பித்த வகுப்பில் ஒருமுறை கேட்டேன். "உங்க அண்ணனைப் போலீஸ் கூட்டிட்டுப் போய் ரெண்டு நாளாகியும் தகவல் இல்லை. என்ன செய்வீங்க?" "கவுன்சிலரைப் பார்ப்போம் சார்" என்றார்கள். பிடித்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு மனு என்று ஒருவருக்கும் வாயில் வரவில்லை. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற 22-ஆவது பிரிவும் நினைவுக்கு வரவில்லை. பாடநூல் வரிசை பிள்ளைகள் மனதில் பதிப்பது வேறொன்று. உரிமைகள் என்றால் இலவச சைக்கிள் மாதிரி அரசு பார்த்துக் கொடுப்பது என்ற எண்ணம் அது. அரசின் கையைக் கட்டிப்போடத்தான் அந்த அத்தியாயமே எழுதப்பட்டது என்பது வரிகளுக்கு நடுவே காணாமல் போய்விடுகிறது.

மாதிரி நாடாளுமன்றம் புதிதல்ல. நாடாளுமன்ற விவகார அமைச்சகம் 1966-லேயே டெல்லிப் பள்ளிகளில் இளையோர் நாடாளுமன்றப் போட்டியைத் தொடங்கிவிட்டது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகூட எழுந்து "மாண்புமிகு சபாநாயகர் அவர்களே" என்று பேசுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கேள்வி நேரம் என்று ஒன்று உண்டு, அமைச்சர் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்பது பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது. கோளாறு எங்கே என்றால், கேள்வியையும் எழுதிக் கொடுப்பது ஆசிரியர், பதிலையும் எழுதிக் கொடுப்பது ஆசிரியர். எதிர்க்கட்சி சொல்லிவைத்தபடி வெளிநடப்பு செய்யும். அமைச்சர் எப்போதும் ஜெயிப்பார். ஆண்டுவிழா நாடகம் போல ஒத்திகை பார்த்து முடிக்கிறோம்.

இதைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. கற்பனை மசோதாவை விட்டுவிட்டு, அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் நடந்த உண்மையான விவாதம் ஒன்றைக் கொடுக்கலாம். 1947 ஏப்ரலில் அடிப்படை உரிமைகள் குறித்த அறிக்கை வந்தபோது, இவற்றில் பலவும் போலீஸ் கான்ஸ்டபிளின் பார்வையிலிருந்து எழுதப்பட்டவை என்று கம்யூனிஸ்ட் உறுப்பினர் சோம்நாத் லாகிரி சபையிலேயே சொன்னார். ஒவ்வோர் உரிமைக்குப் பின்னாலும் ஒரு 'ஆனால்' ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்பது அவர் குறை. லாகிரி பக்கம் நான்கு பேர், எதிர்ப்பக்கம் நான்கு பேர், வசனம் எழுதித் தரக்கூடாது. அப்போது சபை சபையாக இருக்கும்.

இப்போது வழக்கு. நான் எப்போதும் தொடங்குவது பிஜோ இம்மானுவேல் வழக்கில். ஆண்டு 1985, இடம் கேரளா. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், பத்தாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். காலை பிரேயரில் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பார்கள், மத நம்பிக்கை காரணமாகப் பாடமாட்டார்கள். சட்டமன்றம் வரை பேச்சுப் போய், ஜூலையில் மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார்கள்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "நீக்கியது சரியா?" என்று கேட்பேன். பெரும்பாலும் பாதிக்கு மேல் கை தூக்கும். "நாட்டுக்கு மரியாதை வேணாமா சார்" என்பார்கள். எழுந்து நின்றார்களே, அது மரியாதை இல்லையா என்று ஒரு பிள்ளை கேட்கும். உட்கார்ந்திருந்தால்? கேலியாகப் பாடியிருந்தால்? பாடுகிறவர்களைத் தடுத்திருந்தால்? ஒவ்வொரு கேள்விக்கும் கைகளின் எண்ணிக்கை மாறும். நான் எதுவும் சொல்லாமலே, எங்கே கோடு போடுவது என்ற வேலையை வகுப்பு செய்ய ஆரம்பித்துவிடும்.

அப்புறம்தான் சட்டத்தை எடுப்பேன். 1971-ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், கீதம் பாடுவதைத் தடுப்பதையும் பாடும் கூட்டத்தைக் குலைப்பதையும்தான் குற்றம் என்கிறது. பாடாமல் நிற்பதைச் சொல்லவில்லை. அரசுத் தரப்பு நம்பியிருந்தது கல்வித்துறைச் சுற்றறிக்கைகளை. உயர் நீதிமன்றம் பிள்ளைகளின் மனுவைத் தள்ளியது. 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும், சுற்றறிக்கை சட்டமாகாது என்று சொல்லி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது.

'சர்குலர் வந்திருக்கு' என்ற வார்த்தையைப் பள்ளியில் தினமும் கேட்கிற பிள்ளைகள் இவர்கள். அதற்கு மேலே சட்டம், சட்டத்துக்கும் மேலே அரசியலமைப்பு என்ற அடுக்கு ஒரே பீரியடில் பிடிபட்டுவிடுகிறது. பேச்சுரிமை பற்றிய 19, மதச் சுதந்திரம் பற்றிய 25 ஆகிய பிரிவுகளுக்கு மனப்பாடமே தேவைப்படாது.

வழக்கு வழியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நீதிமன்றம் எப்போதும் காப்பாற்றும் என்று சினிமா முடிவு போலப் பதிந்துவிடும். அதற்கு மாற்று மருந்தாக ஏடிஎம் ஜபல்பூர் வழக்கை அடுத்து வைப்பது நல்லது. நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனு போடவே உரிமை இல்லை என்று 1976 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் சொன்னார்கள். மறுத்தவர் எச்.ஆர். கன்னா ஒருவர். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது. உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான 21-ஆவது பிரிவை இனி நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது என்று 44-ஆவது திருத்தத்தில் எழுதியது நாடாளுமன்றம். நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே தள்ளியது 2017-இல்தான்.

நம் மாநிலத்து வழக்கு வேண்டுமென்றால் ரமேஷ் தாப்பர் வழக்கு இருக்கிறது. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' இதழை மதராஸ் அரசு மாகாணத்துக்குள் வரவிடவில்லை. 1950-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. மறு ஆண்டே முதல் திருத்தம் வந்து, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களின் பட்டியல் நீண்டது. லாகிரி விவாதத்தையும் இதையும் அடுத்தடுத்த வாரங்களில் நடத்தினால் பிள்ளைகளே முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள்.

நேரக் கணக்கில் வழக்கு வழி தோற்கும், உண்மைதான். ஒரு வழக்குக்கு இரண்டு பீரியட் போய்விடும், போர்ஷன் முடிக்கும் அவசரம் எல்லோருக்கும் உண்டு. அதனால் அடிப்படை உரிமைகளுக்கு மட்டும் வழக்கை வைத்துக்கொண்டு, குடியுரிமை, மத்திய மாநில உறவுகள் போன்றவற்றைப் பாடநூல் வழியிலேயே முடித்துவிடுகிறேன். புக் பேக் கேள்விகளை வழக்கு முடிந்த பிறகு கொடுத்தால் பாதி நேரத்தில் எழுதிவிடுகிறார்கள். மாதிரி நாடாளுமன்றம் ஆண்டுக்கு ஒன்று போதும்.

பிஜோ வழக்கை நடத்தினால், தேசிய கீதம் பாடவேண்டாம் என்று சார் சொல்லிக்கொடுக்கிறார் என வீட்டில் போய்ச் சொல்லும் பிள்ளை ஒன்று இருக்கத்தான் செய்யும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளைகள் மரியாதையோடு எழுந்து நின்றதைத் தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொண்ட பத்தியின் நகல் ஒன்றும் மேசையில் இருக்கட்டும்.